மறைக்க எதுவும் இல்லாதபோது, அரசு என் போனை ஒட்டுக் கேட்டால் எனக்கென்ன நஷ்டம்?

கேள்வி கேட்டவர் கீழே இரண்டு வரி விளக்கமும் சேர்த்திருந்தார். தன் போனில் இருப்பதெல்லாம் குடும்பப் பேச்சும் ஆபீஸ் பேச்சும்தான், நாட்டுப் பாதுகாப்புக்காக யாராவது கேட்டால் கேட்டுவிட்டுப் போகட்டும், தப்பு செய்தவன்தானே பயப்பட வேண்டும் என்று. எங்கள் அப்பாவும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தார். அவர் எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தவர். அங்கிருந்தே சொல்கிறேன்.

1990-களின் கடைசி. புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு சின்ன ஊர், பஸ் ஸ்டாண்டை ஒட்டி எங்கள் கடை. மஞ்சள் போர்டு, கண்ணாடிக் கதவு போட்ட கூண்டு, உள்ளே ஒரு ஸ்டூல், சிவப்பு எண்கள் ஓடும் மீட்டர். பேசி முடித்து ரிசீவரை வைத்ததும் பக்கத்திலிருக்கும் சின்ன பிரிண்டர் கரகரவென்று பில் அடிக்கும். அழைத்த எண், ஆரம்பித்த நேரம், எத்தனை நிமிடம், எவ்வளவு ரூபாய், எல்லாம் அதில் இருக்கும். ஒரு சீட்டு பேசியவருக்கு, இன்னொன்று எங்களுக்கு. எங்கள் சீட்டுகளைத் தேதி வாரியாகக் கம்பியில் குத்தி வைப்பது, பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் என் வேலை.

ஊரில் பல வீட்டு ஆண்கள் சிங்கப்பூரிலும் துபாயிலும் இருந்தார்கள். கட்டணம் குறையும் இரவு நேரத்தில் கூட்டம் நிற்கும். ஒரு அக்கா மட்டும் பகலில், ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து வருவார். கோயம்புத்தூர் எண் ஒன்றுக்கு ஐந்து நிமிடம் பேசிவிட்டு, சில்லறையை எண்ணி வைத்துவிட்டுப் போவார். ஒருநாள் மப்டியில் ஒருவர் வந்தார். ஸ்டேஷன் ஆள் என்று அப்பாவுக்குத் தெரியும். "ஒரு விசாரணைண்ணே, அந்தப் பொண்ணு எங்க பேசுதுன்னு பாக்கணும்" என்றார். அப்பா டீ வாங்கிக் கொடுத்தார். கம்பியையே கழற்றிக் கையில் கொடுத்தார். அவர் உட்கார்ந்து ஒவ்வொரு சீட்டாகப் புரட்டி, சிகரெட் அட்டையைக் கிழித்து அதன் உள்பக்கத்தில் எண்ணை எழுதிக்கொண்டு போனார்.

விசாரணை என்று எதுவுமே இல்லை. அந்த அக்காவின் கொழுந்தனுக்கு அவர் சிநேகிதர். கோயம்புத்தூர் எண் ஒரு வக்கீல் ஆபீஸ். ஜீவனாம்சம் கேட்டு வழக்குப் போட வழி உண்டா என்று அந்த அக்கா விசாரித்துக்கொண்டிருந்திருக்கிறார். ஒரு வாரத்தில் அவரைத் தாய்வீட்டுக்கு விரட்டிவிட்டார்கள், பிள்ளையைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள். தன் எண் எப்படி வெளியே போனது என்று அவருக்குக் கடைசி வரை தெரிந்திருக்காது. வக்கீல்தான் காட்டிக்கொடுத்தார் என்றுகூட நினைத்திருக்கலாம்.

கேள்வி கேட்ட நண்பரே, அந்த அக்கா ஒரு தப்பும் செய்யவில்லை. ஆனால் மறைக்க அவருக்கு ஒன்று இருந்தது. நமக்கும் இருக்கும். வேறு வேலை தேடுவதை முதலாளியிடமிருந்து மறைப்போம், கடனைச் சம்பந்தி வீட்டாரிடமிருந்து மறைப்போம், வந்த நோயைப் பெற்ற தாயிடமிருந்தே மறைப்போம். இதையெல்லாம் குற்றத்தோடு சேர்த்து ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறது உங்கள் கேள்வி. அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. சீட்டைப் புரட்டியவர் யார், எதற்காகப் புரட்டினார் என்பது புரட்டப்பட்டவருக்குத் தெரியவே இல்லை. இன்றைக்கும் நிலைமை அதுதான்.

கம்பியில் குத்திய சீட்டு இப்போது சி.டி.ஆர். ஆகிவிட்டது. யாரிடம் பேசினீர்கள், எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம், எந்த டவருக்குப் பக்கத்தில் நின்று பேசினீர்கள் என்ற பட்டியல் அது. பேச்சை ஒட்டுக் கேட்கத்தான் உள்துறைச் செயலாளர் வரை போக வேண்டும். இந்தப் பட்டியலைப் போலீஸ் அதிகாரி மட்டத்திலேயே கேட்டு வாங்கிவிடலாம். 2013-ல் அருண் ஜேட்லி மாநிலங்களவையில் எதிர்க்கட்சித் தலைவராக இருந்தபோது, அவருடைய சி.டி.ஆரை எடுக்க முயன்றதாக டெல்லி போலீஸ் கான்ஸ்டபிள் ஒருவரே கைதானார். 2018-ல் மகாராஷ்டிர மாநிலம் தாணேயில், சி.டி.ஆர்களை வாங்கி விற்றதாகத் தனியார் துப்பறிவாளர்கள் சிலர் பிடிபட்டார்கள். எங்கள் கடைக்கு வந்த சிகரெட் அட்டைக்காரர் ஒரு ஊரோடு முடிந்துபோகிற ஆள் இல்லை.

சரி, பேச்சையே கேட்பதற்குச் சட்டம் என்ன சொல்கிறது? 1885-ல் வெள்ளைக்காரன் போட்ட தந்திச் சட்டம்தான் சமீப காலம் வரை அடிப்படை. அதன் 5(2) பிரிவின்படி, பொது நெருக்கடி நிலை இருக்க வேண்டும், அல்லது பொதுமக்கள் பாதுகாப்புக்குத் தேவையாக இருக்க வேண்டும். இந்த இரண்டில் ஒன்று இருந்தால்தான் நாட்டின் இறையாண்மை, பாதுகாப்பு, பொது ஒழுங்கு போன்ற காரணங்களைக் காட்டி ஒட்டுக் கேட்க உத்தரவு போடலாம். யார் போடுவது, எத்தனை நாளைக்கு, யார் சரிபார்ப்பது என்பதற்கு நூறு வருஷத்துக்கு மேல் எந்த விதியும் கிடையாது. இடையில் 1988-ல் ஒட்டுக்கேட்பு விவகாரத்தில் கர்நாடக முதல்வர் ராமகிருஷ்ண ஹெக்டே பதவி விலகினார். அப்போதும் விதி வரவில்லை. அரசியல்வாதிகளின் போன்கள் ஒட்டுக் கேட்கப்பட்டது பற்றிய சி.பி.ஐ. அறிக்கை 1991-ல் பத்திரிகையில் வெளிவந்த பிறகு, மக்கள் சிவில் உரிமைக் கழகம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1996 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. நீதிபதியிடம் முன் அனுமதி வாங்கினால்தான் ஒட்டுக் கேட்கலாம் என்று ஆக்குங்கள் எனக் கேட்டதை நீதிமன்றம் ஏற்கவில்லை, சட்டத்தில் அதற்கு இடமில்லை என்றது. அதற்குப் பதிலாக, உள்துறைச் செயலாளர் கையெழுத்துப் போட வேண்டும், இரண்டு மாதத்துக்கு மேல் என்றால் புதுப்பிக்க வேண்டும், எப்படிப் போனாலும் ஆறு மாதத்தைத் தாண்டக் கூடாது, ஒரு மறுஆய்வுக் குழு அதைப் பார்க்க வேண்டும் என்று வைத்தது. இவை 2007-ல் விதிகளாயின. தந்திச் சட்டத்தின் இடத்துக்கு 2023-ல் புதிய தொலைத்தொடர்புச் சட்டமும் 2024 டிசம்பரில் அதற்கான ஒட்டுக்கேட்பு விதிகளும் வந்துவிட்டன. எலும்புக்கூடு மாறவில்லை. அதிகாரி உத்தரவு போடுவார், அதிகாரிகளே சரிபார்ப்பார்கள்.

மறுஆய்வுக் குழுவில் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். மத்தியில் அமைச்சரவைச் செயலாளர், சட்டச் செயலாளர், தொலைத்தொடர்புச் செயலாளர். மாநிலத்தில் தலைமைச் செயலாளரும் இன்னும் இரண்டு செயலாளர்களும். நீதிபதி இல்லை, எதிர்க்கட்சி இல்லை, வெளி ஆள் ஒருவரும் இல்லை. குழு இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை கூட வேண்டும். மத்திய அரசு மட்டும் மாதம் 7,500 முதல் 9,000 வரை ஒட்டுக்கேட்பு உத்தரவுகள் போடுவதாக ஆர்.டி.ஐ.யில் உள்துறை அமைச்சகமே ஒருமுறை பதில் கொடுத்திருக்கிறது. ஓய்வுபெற்ற நீதிபதி பி.என். ஸ்ரீகிருஷ்ணா தலைமையிலான குழுவும் 2018 அறிக்கையில் இதைச் சுட்டிக்காட்டியது. ஒரு கூட்டத்துக்கு 15,000 முதல் 18,000 உத்தரவுகள், நடக்கிற காரியமே இல்லை என்று.

நான் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். செயலாளர்கள் மூவரும் வேறு எந்த வேலையும் பார்க்காமல், டீ கூடக் குடிக்காமல், நாள் முழுக்க எட்டு மணி நேரம் உட்கார்ந்தால் 480 நிமிடம். 15,000 உத்தரவு என்றால் நிமிடத்துக்கு 31. ஒரு உத்தரவுக்கு இரண்டு விநாடி கூடக் கிடைக்காது. அதற்குள் கோப்பில் இருக்கும் பெயரைக்கூட முழுதாகப் படிக்க முடியாது. எங்கள் கடைக்கு வந்தவராவது ஒவ்வொரு சீட்டாக நின்று நிதானமாகப் புரட்டினார்.

அப்படியானால் தப்பான உத்தரவு எப்போதுதான் பிடிபடும்? 2025 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் ஒரு தீர்ப்புச் சொன்னார். லஞ்ச வழக்கு ஒன்றில், சென்னையைச் சேர்ந்த ஒரு கல்வி நிறுவன நிர்வாக இயக்குநரின் போனை ஒட்டுக் கேட்க 2011-ல் மத்திய உள்துறை போட்ட உத்தரவு பற்றியது. பொது நெருக்கடியும் இல்லை, பொதுமக்கள் பாதுகாப்புக்கும் சம்பந்தமில்லை, கேட்டதை உரிய காலத்தில் மறுஆய்வுக் குழுவிடம் வைக்கவும் இல்லை, ஆகவே உத்தரவு செல்லாது என்று ரத்து செய்தார். லஞ்சத்தைத் துப்பறிவதற்கு ஒட்டுக்கேட்பு கூடுமா என்பதில் டெல்லி உயர் நீதிமன்றம் அதற்குச் சில நாள் முன்புதான் வேறு மாதிரி சொல்லியிருந்தது, அந்த விவாதம் தனி. நான் கவனித்தது வருடங்களை. 2011-ல் போட்ட உத்தரவு செல்லாது என்று தெரிய 2025 ஆகியிருக்கிறது. அதுவும் எதனால்? வழக்குப் போட்டு, ஒட்டுக் கேட்டதை ஆதாரமாகக் காட்டியதால். குற்றம் சாட்டப்பட்டவருக்குத்தான் தன் போன் கேட்கப்பட்டது தெரியவருகிறது. ஆறு மாதம் கேட்டுப் பார்த்து, இவர் மேல் ஒன்றும் இல்லை என்று விட்டுவிட்டார்கள் என்றால், அந்த ஆளுக்கு யாரும் சொல்லப்போவதில்லை. சொல்ல வேண்டும் என்று விதியில் இல்லை. தெரியாத ஒன்றை எதிர்த்து அவர் எந்த நீதிமன்றத்தில் போய் நிற்பார்?

ஆக, மறைக்க எதுவும் இல்லாத உங்களுக்குத்தான் இந்த ஏற்பாட்டில் ஒரு வழியும் இல்லை.

பயங்கரவாதியைப் பிடிக்க வேண்டாமா என்று கேட்பீர்கள். பிடிக்க வேண்டும், அதற்கு ஒட்டுக் கேட்கவும் வேண்டும். நான் ஒட்டுக்கேட்பே கூடாது என்கிற கட்சி இல்லை. அமெரிக்காவில் குற்ற வழக்குகளுக்கான ஒட்டுக்கேட்புச் சட்டம் 1968-லிருந்து இருக்கிறது. போலீஸ் அங்கே நீதிபதியிடம் போய்க் காரணம் சொல்லி உத்தரவு வாங்க வேண்டும். கேட்டு முடித்த பின், பொதுவாக 90 நாளுக்குள், உத்தரவில் பெயர் இருந்தவருக்கு 'உங்கள் போன் இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை கேட்கப்பட்டது' என்று தெரிவிக்க வேண்டும். நீதிபதி அதைத் தள்ளிப்போடலாம். வருடத்துக்கு எத்தனை உத்தரவு என்ற கணக்கும் வெளியாகிறது. உளவுத்துறை நடத்தும் கண்காணிப்புக்கு அந்த நாட்டிலும் இந்த வெளிச்சம் கிடையாது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஜெர்மனியில் குற்ற விசாரணைக்குக் கேட்டாலும் உளவுத்துறை கேட்டாலும், ஆபத்து நீங்கிய பிறகு ஆளுக்குச் சொல்ல வேண்டும் என்பது சட்டத்தில் இருக்கிறது. ஸ்டாசி என்ற ரகசியப் போலீஸ் கிழக்கு ஜெர்மனியில் விட்டுப்போன கோப்புகளை அடுக்கினால் 111 கிலோமீட்டர். 1991 கடைசியில் வந்த சட்டத்துக்குப் பிறகு மக்கள் வரிசையில் நின்று தங்கள் கோப்பைத் தாங்களே படித்தார்கள். தன்னைப் பற்றி எழுதிக் கொடுத்தது சொந்த நண்பன் என்று அங்கே உட்கார்ந்து தெரிந்துகொண்டவர்கள் உண்டு.

நம் ஊரில் நீதிமன்றமே கேட்டும் பதில் வராத கதை இருக்கிறது. பெகசஸ் உளவு மென்பொருள் விவகாரத்தில், வாங்கினீர்களா இல்லையா என்பதற்கு மத்திய அரசு விரிவான பிரமாணப் பத்திரம் தர மறுத்தது, காரணம் தேசப் பாதுகாப்பு. அந்த வார்த்தையைச் சொன்னதும் நீதிமன்றம் வாயை மூடிக்கொள்ளாது என்று 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொல்லி, நிபுணர் குழு போட்டது. 2022-ல் குழுவின் அறிக்கை வந்தபோது, அரசு ஒத்துழைக்கவில்லை என்று தலைமை நீதிபதி என்.வி. ரமணாவே சொன்னார். சோதித்த 29 போன்களில் 5-ல் ஏதோ தீய மென்பொருள் இருந்தது, பெகசஸ்தானா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அத்தோடு நிற்கிறது.

இன்னொரு ஆளையும் சொல்ல வேண்டும். கரக் சிங், உத்தரப் பிரதேசத்துக்காரர். 1941-ல் கொள்ளை வழக்கில் பிடித்து, ஆதாரம் இல்லை என்று விட்டுவிட்டார்கள். ஆனால் ஹிஸ்டரி ஷீட்டை மட்டும் திறந்துவிட்டார்கள். அதன் பேரில் போலீசும் ஊர்க் காவல்காரரும் ராத்திரி வந்து கதவைத் தட்டி, ஆள் வீட்டில் இருக்கிறாரா என்று பார்ப்பார்கள், சில சமயம் தூக்கத்திலிருந்து எழுப்புவார்கள். அவர் வழக்குப் போட்டார். 1962-ல் உச்ச நீதிமன்றம் ராத்திரிக் கதவு தட்டலை மட்டும் தடுத்தது, மற்ற கண்காணிப்பை அப்படியே விட்டது. நீதிபதி சுப்பா ராவ் அதில் மாறுபட்டு எழுதினார். கண்காணிப்பு என்பதே ஒரு விலங்கு, அது மனத்தைப் பூட்டுகிறது என்பது அவர் வாதம். 2017 ஆகஸ்ட் 24 அன்று, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னபோது, அந்தரங்கம் உரிமையல்ல என்ற 1962-ன் நிலைப்பாடு போனது. சுப்பா ராவ் சொன்னது நிலைத்தது. 55 வருஷம் ஆயிற்று.

அப்பா கதைக்கு வருகிறேன். அக்காவுக்கு நடந்தது தெரிந்த பிறகு அவர் இரண்டு நாள் கடை திறக்கவில்லை. மூன்றாம் நாள் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, ஒவ்வொரு பத்திக்கும் மேலே எழுதினார்: பெயர், பதவி, தேதி, வழக்கு எண், கையெழுத்து. கொஞ்ச நாளில் அதே ஆள் வேறு யாருடைய எண்ணையோ தேடி வந்தார். அப்பா டீ வாங்கிக் கொடுத்தார், நோட்டையும் பேனாவையும் அவர் முன்னால் வைத்தார். "எழுதிட்டுப் பாருங்க சார்" என்றார். அவர் நோட்டைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், டீயைக் குடித்துவிட்டு அப்புறம் வருவதாகச் சொல்லிப் போனார்.

வரவில்லை. செல்போன் வந்து கடையை மூடும் வரை அந்த நோட்டில் விழுந்தது மூன்றே கையெழுத்து. மூன்றிலும் வழக்கு எண் இருந்தது.