கிளென்ட்ரெஸில் சிவப்புக்கு முன்னால் ஒரு நாள் நீலம்

கேள்வி: எடின்பரோவில் ஐடி வேலையில் இருக்கிறேன். ஆபீசுக்குத் தினமும் சைக்கிள்தான். வார இறுதியில் 60 கிலோமீட்டர் சாதாரணமாக ஓட்டுவேன். அக்டோபர் பள்ளி விடுமுறையில் மனைவி, 11 வயது மகனோடு இரண்டு நாள் தென் ஸ்காட்லாந்தின் ட்வீட் பள்ளத்தாக்கில் மவுண்டன் பைக் ஓட்டலாம் என்று திட்டம். காட்டுத் தடத்தில் ஓட்டிய அனுபவம் மூன்று பேருக்குமே கிடையாது. அங்கே கிளென்ட்ரெஸ் காட்டின் சிவப்புத் தடத்திலேயே தொடங்கலாமா? கூட வேலை பார்ப்பவர்கள் பக்கத்து ஊரான இன்னர்லீதன்தான் அருமை என்கிறார்கள். என்னுடைய ஹைப்ரிட் சைக்கிள் போதுமா?

பதில்: சிவப்பில் தொடங்க வேண்டாம். முதல் நாள் மூவரும் கிளென்ட்ரெஸில் அதைவிடச் சுலபமான நீலத் தடம் ஓட்டுங்கள். அது எப்படிப் போகிறது என்று பார்த்துவிட்டு, இரண்டாம் நாள் காலையில் நீங்கள் மட்டும் சிவப்புக்குப் போகலாம். இன்னர்லீதனின் மலைத் தடங்களை இந்த முறை விட்டுவிடுங்கள். ஹைப்ரிட் போதாது, அங்கேயே வாடகைக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

60 கிலோமீட்டர் ஓட்டுகிற கால் உங்களுக்கு ஏற்றத்தில் மட்டும்தான் கைகொடுக்கும். சிவப்புத் தடம் சுமார் 18 கிலோமீட்டர், நீலம் சுமார் 16. தூரத்தைப் பார்த்தால் இரண்டும் ஒன்று போலத்தான் தெரியும், அதனால்தான் தெம்பாக இருப்பவர்கள் ஏமாந்துபோகிறார்கள். பிரிட்டனில் தடங்களுக்கு பச்சை, நீலம், சிவப்பு, கறுப்பு என்று நிறம் கொடுப்பதில் முக்கியமாகப் பார்ப்பது தரை எப்படி இருக்கிறது, இறக்கத்தில் என்னென்ன எதிரே வரும் என்பதைத்தான். நீலத்தில் பொடிக்கல் போட்டு இறுக்கிய தரை, வளைவுகளில் கரை கட்டிய பெர்ம், சக்கரம் உருண்டு தாண்டக்கூடிய சின்ன மேடுகள். சிவப்பில் தடம் குறுகும். பாறை, வேர், படி மாதிரி இறங்கும் இடங்கள், தாவுவதற்கான மேடுகள் எல்லாம் வரும். தடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது எவ்வளவு ஏற முடியும் என்று யோசிக்காதீர்கள், எவ்வளவு இறங்கத் தெரியும் என்று யோசியுங்கள்.

இன்னர்லீதன் ஏன் வேண்டாம் என்கிறேன் என்பதற்கும் காரணம் தரையில்தான் இருக்கிறது. பீபிள்ஸ், இன்னர்லீதன் ஊர்களை ஒட்டிய மலைகளில் பெரும்பாலும் மரத்துக்காக நட்டு வளர்த்த ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரக் காடு. நெருக்கமாக நட்டிருப்பதால் வெயில் உள்ளே இறங்காது, பெய்த மழை சீக்கிரம் காயாது. ஈரமான மண்ணில் ஸ்ப்ரூஸ் வேர் ஆழமாகப் போகாமல் மேலாகவே பரவும். கிளென்ட்ரெஸின் தடங்கள் கல் போட்டுக் கட்டியவை, மழையிலும் ஓட்டலாம். இன்னர்லீதனில் உள்ளூர் ஓட்டுநர்கள் கோல்ஃபி என்று சொல்லும் மலையில் இருப்பவை பெரும்பாலும் மண்வெட்டியால் வெட்டிய வெறும் மண் தடங்கள், செங்குத்தானவை. அக்டோபர் மழையில் அங்கே சேறும் வழுக்கும் வேரும்தான் தரை. நன்றாக ஓட்டத் தெரிந்தவர்களுக்கு அது சொர்க்கம், உங்கள் நண்பர்கள் சொல்வது பொய்யில்லை. புதியவர் அங்கே சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் இறங்குவார். இன்னர்லீதனில் கட்டிய சிவப்புத் தடம் ஒன்றும் உண்டு. அது 567 மீட்டர் உயர மின்ச் மூர் பக்கம் ஏறுகிறது. அதையும் அடுத்த வருஷத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இனி பிரேக். முதல் நாளில் இது ஒன்றைக் கற்றுக்கொண்டால் போதும். பிரிட்டன் சைக்கிள்களில் வலது கை லீவர்தான் முன் பிரேக். வாடகைக் கடையிலேயே ஒவ்வொன்றாக அழுத்தி எந்தச் சக்கரம் நிற்கிறது என்று மூன்று பேரும் பார்த்துவிடுங்கள். டிஸ்க் பிரேக்குக்கு ஒரு விரல் போதும், மற்ற விரல்கள் கைப்பிடியில்தான் இருக்க வேண்டும். மகனுடைய சைக்கிளில் கூடுதலாக ஒன்று பாருங்கள். பெரியவர்கள் கைக்கு வைத்த லீவர் குழந்தை விரலுக்கு எட்டாது. எட்டினாலும் நுனியால் இழுத்து இழுத்துக் கை சோர்ந்துவிடும். லீவரின் அடியில் அதை உள்ளே இழுக்க ஒரு சின்னத் திருகு இருக்கும். ஆள்காட்டி விரலின் முதல் மூட்டு லீவர் மேல் சுலபமாக உட்காரும் அளவுக்கு வைத்துத் தரச் சொல்லுங்கள். கூட்ட நேரத்தில் கடைக்காரர்கள் தாங்களாகச் செய்ய மாட்டார்கள், கேட்டால் ஒரு நிமிஷத்தில் செய்து கொடுப்பார்கள்.

நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன் பிரேக்குக்குத்தான், ஏனென்றால் வேகம் குறையும்போது எடை முன்னால் சாய்கிறது. ரோட்டில் ஓட்டிப் பழகியவர்கள் பயத்தில் பின் பிரேக்கை மட்டும் இறுக்குவார்கள். பின் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கும், தடமும் கெடும். இரண்டையும் சேர்த்து மெதுவாகக் கூட்டிப் பிடியுங்கள். பெடல் இரண்டும் மட்டமாக, குதிகால் கீழே, முழங்கை வெளியே விரிந்து, இடுப்பு சீட்டுக்குப் பின்னால். கைப்பிடியில் சீட்டை இறக்கும் பொத்தான் இருந்தால் ஒவ்வொரு இறக்கத்துக்கும் முன்னால் அதை அழுத்தி சீட்டைத் தாழ்த்துங்கள். சீட் உயரமாக இருந்தால் உடம்பு பின்னால் போகவே போகாது.

ஈர வேர் வந்தால் சிலர் பார்த்த கணத்தில் பிரேக் பிடிக்கிறார்கள். சோப்பு தடவிய குழாய் மேல் டயர் ஏறினால் எப்படியோ அப்படித்தான் அது. இருக்கிற கொஞ்சப் பிடிப்பையும் பிரேக் தின்றுவிடும், சக்கரம் வேரோடு பக்கவாட்டில் நழுவும். வேருக்கு முன்னால் கல் தரையிலேயே வேகத்தைக் குறைத்துவிட்டு, வேர் மேல் ஏறும்போது பிரேக்கை முழுக்க விட்டுவிடுங்கள். முடிந்தவரை குறுக்காக, செங்கோணத்தில் கடந்து போங்கள். கண் வேரில் இருக்கக் கூடாது, அதைத் தாண்டிப் போகவேண்டிய இடத்தில் இருக்க வேண்டும். வளைவுக்கும் இதே சட்டம்தான்: பிரேக் வளைவுக்கு முன்னால், பெர்முக்குள் நுழைந்ததும் விடுதலை, பார்வை வளைவு முடியும் இடத்தில்.

கிளென்ட்ரெஸ், பீபிள்ஸ் ஊரைத் தாண்டி ஏ72 சாலையில் வருகிறது. தடங்கள் கீழே பீல் என்ற இடத்திலிருந்து தொடங்குகின்றன. பாதி மலையில் பஸர்ட்ஸ் நெஸ்ட் என்று ஒரு கார் நிறுத்துமிடமும், பக்கத்தில் பழகுவதற்கான இடமும் உண்டு. முதல் ஒரு மணி நேரத்தை அங்கேயே செலவழியுங்கள், அவசரப்படாதீர்கள். பிறகு நீலத் தடத்தில் ப்ளூ வெல்வெட் போன்ற இறக்கம் ஒன்றை எடுத்துக்கொண்டு இரண்டு மூன்று முறை திரும்பத் திரும்ப ஓட்டுங்கள். முழுச் சுற்றையும் ஒரு தடவை முடிப்பதைவிட இதில்தான் கை பழகும். பையன் தாவு மேடுகளில் குதிக்க ஆசைப்படுவான். முதலில் சக்கரம் தரையை விடாமல் உருண்டு போகட்டும்.

சிவப்புக்குத் தயாரா என்று தெரிந்துகொள்ள நான் சொல்லும் சோதனை இது. மாலையில் உங்கள் முன்கை எப்படி இருக்கிறது? வலித்து, விரல் மடக்க முடியாமல் இருந்தால் இறக்கம் முழுக்கப் பிரேக்கைப் பிடித்தபடியே வந்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். அப்படியானால் இரண்டாம் நாளும் நீலம்தான். கை லேசாக இருந்து, கடைசி இறக்கத்தில் காலை ஊன்றாமல் வந்தீர்கள் என்றால் சிவப்புக்குப் போங்கள். ஸ்பூக்கி வுட் என்ற இறக்கம் அதில்தான் வருகிறது, அந்தப் பள்ளத்தாக்கிலேயே எனக்கு மிகவும் பிடித்தது. 2023 ஆகஸ்டில் உலக சைக்கிள் சாம்பியன்ஷிப்பின் மவுண்டன் பைக் கிராஸ் கன்ட்ரி போட்டி இந்தக் காட்டில்தான் நடந்தது. பிரிட்டன் வீரர் டாம் பிட்காக் தங்கம் வென்றது இங்கேதான் என்று மகனிடம் சொல்லுங்கள்.

நீங்கள் சிவப்பு ஓட்டும் காலையில் மற்ற இருவரும் பீபிள்ஸிலிருந்து இன்னர்லீதன் வரை ஆற்றை ஒட்டிப் போகும் பாதையில் போகட்டும். 1962-ல் நின்றுபோன ரயில் தடத்தைப் பெரும்பாலும் ஒட்டிய, சுமார் 10 கிலோமீட்டர் மட்டமான பாதை. இலையுதிர் காலத்தில் சால்மன் மீன்கள் ட்வீட் ஆற்றில் மேல்நோக்கி ஏறிவரும் நேரம் என்பதால் பாலங்களில் நின்று பார்க்கச் சொல்லுங்கள். நடப்பவர்கள், குழந்தை வண்டிகள் நிறைய வரும், மணி அடித்து மெதுவாகப் போக வேண்டும்.

சைக்கிள் விஷயம் சுருக்கமாக. ஹைப்ரிட்டின் டயர் 40 மில்லிமீட்டர் போல இருக்கும், முன்னால் சஸ்பென்ஷன் இருந்தாலும் பேருக்குத்தான். இங்கே வேண்டியது 2.3 அங்குலத்துக்கு மேல் அகலமும், ஆழமான பற்களும். நீலத்துக்கு முன்பக்கம் மட்டும் சஸ்பென்ஷன் உள்ளது போதும், சிவப்புக்கு இரண்டு பக்கமும் உள்ளதை எடுங்கள். 70 கிலோ ஆளுக்கு டியூப்லெஸ் டயரில் காற்று 25 பிஎஸ்ஐ சுமாருக்கு இருந்தால் வேரில் பிடிப்பு கிடைக்கும். ரோட்டில் ஓட்டுபவர்கள் காற்றைக் கல் மாதிரி இறுக்கமாக அடிப்பார்கள், அது வேண்டாம். உங்கள் மனைவிக்கு ஏற்றம் கஷ்டம் என்றால் மின்சார சைக்கிள் நல்ல வழி, ஆனால் கனமானது, நிற்கக் கூடுதல் தூரம் எடுக்கும். 14 வயதுக்குக் கீழே சட்டப்படி அதை ஓட்டக் கூடாது, அதனால் மகனுக்குக் கேட்காதீர்கள். விடுமுறை வாரம் என்பதால் முன்பதிவு அவசியம். அங்கேயே வாடகைக்கு எடுப்பதால் சைக்கிளைத் தூக்கிச் செல்லும் கவலையும் இல்லை. எடின்பரோவிலிருந்து எக்ஸ்62 பஸ் ஒரு மணி நேரம் போல எடுத்துப் பீபிள்ஸில் விட்டுவிடும்.

ஸ்காட்லாந்தில் 2003 நிலச் சட்டப்படி பொறுப்போடு நடந்துகொண்டால் பெரும்பாலான நிலத்தில் நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் உரிமை உண்டு. அதை நம்பிக்கொண்டு "தடம் மூடப்பட்டுள்ளது" என்ற பலகையைத் தாண்டிப் போகிறவர்களைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வரும். இது மரம் வெட்டும் காடு. வெட்டும் இயந்திரத்தை ஓட்டுபவருக்கு நீங்கள் வருவது தெரியாது, சாயும் மரத்துக்கும் தெரியாது. 2021 நவம்பரில் ஆர்வென் புயல் தென் ஸ்காட்லாந்துக் காடுகளில் ஏராளமான மரங்களைச் சாய்த்துப்போட்டது. பாதி சாய்ந்து நிற்கும் மரம் எப்போது விழும் என்று யாராலும் சொல்ல முடியாது. கிளம்பும் நாளன்று காலையில் எந்தத் தடம் மூடியிருக்கிறது என்று வனத்துறை அறிவிப்பைப் பார்த்துவிட்டுப் போங்கள்.

அக்டோபர் நடுவில் சூரியன் மாலை ஆறு மணிக்குக் கொஞ்சம் பிந்தி மறையும். ஸ்ப்ரூஸ் காட்டுக்குள் அதற்கு வெகுமுன்பே இருட்டிவிடும். கடைசி ஏற்றத்தை மூன்றரைக்குள் தொடங்கிவிடுங்கள். கையுறை, முழங்கால் பேட், மழைக்கோட்டு, காரிலோ பையிலோ ஒரு ஜோடி உலர்ந்த சாக்ஸ், அவ்வளவுதான். யாராவது விழுந்து அடிபட்டால் 999-க்குப் போன் செய்து போலீஸைக் கேளுங்கள், பிறகு மலை மீட்புக் குழு வேண்டும் என்று சொல்லுங்கள். தடத்தின் நிறமும் இறக்கத்தின் பெயரும் தெரிந்தால் அவர்கள் வேகமாக வந்துசேர்வார்கள், ஆகையால் ஒவ்வொரு இறக்கத்தின் தொடக்கத்திலும் இருக்கும் பெயர்ப் பலகையை மகனை வாசிக்கச் சொல்லுங்கள்.

அப்புறம் உண்ணி. புல்லும் பெரணியும் காலில் உரசியிருந்தால் இரவு குளிக்கும்போது முழங்கால் மடிப்பு, தொடை இடுக்கு, மகனுக்கு முடியோரமும் பாருங்கள். ஒட்டியிருந்தால் நசுக்காமல், நுனி கூரான சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக மேலே இழுங்கள். அடுத்த சில வாரங்களில் அந்த இடத்தைச் சுற்றி வட்டமாகச் சிவப்பு படர்ந்தால் உண்ணியால் பரவும் லைம் நோயாக இருக்கலாம், உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.