தானாக நடக்கும் ஹீரோ

கேள்வி: நான்கு வருடமாக ஒரே வயர் கேம்பேடில்தான் (இரண்டு கையிலும் பிடித்து ஆடும் கன்ட்ரோலர்) கம்ப்யூட்டர் கேம் ஆடுகிறேன். கொஞ்ச நாளாக, கட்டைவிரலால் தள்ளும் அந்த ஸ்டிக்கைத் தொடாமலே ஹீரோ இடது பக்கம் நடந்துபோய்ச் சுவரில் முட்டிக்கொண்டு நிற்கிறான். வயர்லெஸுக்கு மாறிவிடலாமா?

பதில்: மாறலாம், ஆனால் இந்தத் தொல்லை அங்கேயும் வரும். கோளாறு வயரில் இல்லை, ஸ்டிக்கில் இருக்கிறது. பழைய ரேடியோவில் வால்யூம் குமிழைத் திருகினால் கரகரவென்று சத்தம் வருமே, அதே ஜாதிப் பொருள்தான் ஸ்டிக்குக்கு அடியில் இரண்டு இருக்கின்றன, மேல்கீழுக்கு ஒன்று, இடவலத்துக்கு ஒன்று. கார்பன் பூச்சின் மேல் ஒரு உலோக நாக்கு உரசிக்கொண்டே இருக்கும். பூச்சு தேயத் தேய, கை எடுத்த பிறகும் ‘இடது, இடது’ என்று தகவல் போகும். கேம் செட்டிங்ஸில் ‘டெட் ஸோன்’ இருந்தால் கொஞ்சம் கூட்டிப் பாருங்கள், நடு இடத்தில் நடக்கும் சின்ன அசைவுகளை கேம் கண்டுகொள்ளாது. அதற்காக ஒரேயடியாகக் கூட்டிவிட்டால் மெதுவாகக் குறிபார்ப்பதெல்லாம் போச்சு. அடுத்து வாங்கும்போது ஹால் எஃபெக்ட் ஸ்டிக் உள்ளதாகப் பாருங்கள். காந்தத்தை வைத்து அளப்பதால் அந்த உரசலே கிடையாது.

என்னுடைய வயர் பேட் ஆறு வருடம் ஓடியது. அதில் முதலில் போனது ஸ்டிக் இல்லை, கேபிள் உள்ளே நுழைகிற அந்த அடிக்கழுத்து. தினமும் ஆடி முடித்ததும் பேடைச் சுற்றி இறுக்கிக் கட்டி வைத்த புண்ணியம்! கடைசிக் காலத்தில் சுண்டுவிரலால் கேபிளை ஒரு கோணத்தில் அழுத்திப் பிடித்துக்கொண்டே ஆடினேன், விரல் நழுவினால் இணைப்பு போய்விடும், அதுவும் சரியாகச் சண்டை நடுவில்தான் போகும். அதனால் கேபிளைக் கழற்றி மாட்டுகிற மாதிரி வாங்குங்கள். பேட்டரி வீங்குமோ, சார்ஜ் நிற்குமோ என்ற கவலை மட்டும் இந்த ஆறு வருடத்தில் எனக்கு வந்ததே இல்லை.

கேள்வி: வயர் என்றால் தாமதமே இருக்காதாமே?

பதில்: கொஞ்சம் இருக்கும். யூஎஸ்பி வழியாக விநாடிக்கு 125 தடவை தகவல் கேட்கப்பட்டால் இடைவெளி 8 மில்லி விநாடி, 1000 தடவை என்றால் 1 மில்லி விநாடி. விநாடிக்கு 60 பிரேம், அதாவது 60 படம், ஓடும் கேமில் ஒரு பிரேமே கிட்டத்தட்ட 16.7 மில்லி விநாடி, கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். மானிட்டருக்குப் பதில் டிவியில் ஆடுகிறவர் முதலில் படத்தின் தாமதத்தைக் குறைக்கும் ‘கேம் மோட்’ டிவியில் போட்டிருக்கிறதா என்று பார்க்கட்டும், அப்புறம் பேடைத் திட்டலாம்.

கேள்வி: புது கேம்பேட், பழைய கேம். பட்டன் எதுவும் வேலை செய்யவில்லை. பேட் பழுதா?

பதில்: இருக்காது. மைக்ரோசாஃப்டின் கேம் கன்சோலான எக்ஸ்பாக்ஸ் 360 வந்த 2005-ல்தான், பேடில் அழுத்துவதை விண்டோஸ் கேமுக்குச் சொல்லும் எக்ஸ்இன்புட் என்ற முறையும் வந்தது. அதற்கு முந்தைய விண்டோஸ் கேம்களுக்குத் தெரிந்தது டைரக்ட்இன்புட் என்ற பழைய முறை. சில பேடுகளில் இரண்டுக்கும் நடுவே மாற்ற ஒரு சுவிட்ச் இருக்கும், பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். உங்களுடையதில் இல்லையா? சரி, அந்த கேமை, கம்ப்யூட்டர் கேம்களை வாங்கி ஆட உதவும் ஸ்டீம் என்ற மென்பொருளில் சேர்த்து அதன் வழியாகத் திறந்து, எந்த பட்டனுக்கு எந்த கீ என்று அங்கேயே அமைத்துக்கொள்ளுங்கள். ஒரு சாயங்காலம் அதிலேயே போய்விடும், அதற்கும் தயாராக இருங்கள்.