அப்பாவுக்கு வைத்த இடுப்பு மூட்டு ஆடுகிறது, மறுபடி ஆபரேஷன் என்கிறார்கள். கம்பெனியிடம் நஷ்டஈடு வாங்க முடியுமா?

கேட்டவர் கீழக்கரைக்காரர். 3 வருடம் முன்பு மதுரையில் அப்பாவுக்கு மூட்டு மாற்றியிருக்கிறார்கள். இப்போது அது தளர்ந்துவிட்டது, திறந்து வேறு வைக்க வேண்டும் என்கிறார் டாக்டர். வழக்கு யார் மேல், எவ்வளவு கிடைக்கும் என்பது கேள்வி.

வழக்குப் போடலாம். ஆனால் வக்கீலைத் தேடும் முன்பு ஒன்று செய்யுங்கள். அப்பாவின் உடம்பிலிருந்து வெளியே எடுக்கப்போகும் அந்தப் பழைய மூட்டு யார் கைக்குப் போகும் என்று ஆஸ்பத்திரியில் கேளுங்கள். எங்கள் வழக்கு பாதியில் சாய்ந்தது அந்த இடத்தில்தான்.

நான் வக்கீல் இல்லை. பாம்பன்காரன். அம்மா கடல் பாசி எடுக்கப் போகிறவர். 2021ல் பாறையில் வழுக்கி விழுந்து தொடை எலும்பு முறிந்தது. வெளியூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பிளேட் வைத்து ஸ்க்ரூ போட்டார்கள். எட்டாவது மாதம், வீட்டுத் திண்ணையில் இருந்து இறங்கும்போது டக்கென்று ஒரு சத்தம். எக்ஸ்ரேயில் பிளேட் இரண்டாக ஒடிந்து கிடந்தது.

இரண்டாவது ஆபரேஷன் முடிந்ததும் ஒடிந்த பிளேட்டைக் குப்பையில் போடப் போனார்கள். என் அத்தை தியேட்டர் வாசலிலேயே நின்று சண்டை பிடித்தார். “காசு குடுத்து வாங்குனது தாயி, எங்க வீட்டுப் பொம்பள ஒடம்புல கெடந்தது. குடு இங்க.” கொடுத்துவிட்டார்கள். அதுவரை சரி. வீட்டுக்கு வந்ததும் ரத்தக் கறையோடு வைக்கக் கூடாது என்று புளியும் சாம்பலும் போட்டு, குத்துவிளக்கு துலக்குவது மாதிரி பளபளவென்று தேய்த்து டப்பாவில் போட்டுவிட்டார். எங்கள் ஆதாரம் அன்றைக்கே பாதி போய்விட்டது. இதை நாங்கள் தெரிந்துகொண்டது ஒன்றரை வருடம் கழித்து.

உலோகம் எப்படி ஒடிந்தது என்பது ஒடிந்த முகத்தில்தான் எழுதியிருக்கும். ஒரே அடியில் முறிந்ததா, கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்தால் விட்டுப்போகுமே அப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக விரிந்ததா என்பதைக் கருவியில் வைத்துப் பார்த்துச் சொல்லிவிடுவார்கள். மெல்ல விரிந்திருந்தால் அலை விட்டுப்போன தடம் மாதிரி வரிவரியாகக் கோடு விழுந்திருக்கும். ஆங்கிலத்திலும் அதற்குக் கடற்கரைக் கோடு என்றுதான் பெயராம். அந்தக் கோடுகளைப் பின்னால் பிடித்துக்கொண்டே போனால் விரிசல் தொடங்கிய புள்ளி வரும். அங்கே உலோகத்தில் அழுக்கோ கீறலோ இருந்தால் தயாரிப்புக் கோளாறு என்று பேச முடியும். நாங்கள் வழக்குப் போட்ட நுகர்வோர் ஆணையம் எங்கள் பிளேட்டை ஆய்வகத்துக்கு அனுப்பியது. ஓரத்தில் சில கோடுகள் மிஞ்சியிருக்கின்றன, மற்ற இடம் தேய்ந்திருப்பதால் தொடங்கிய புள்ளி தெரியவில்லை என்று அறிக்கை வந்தது. அத்தையிடம் இதை இன்னும் யாரும் சொல்லவில்லை.

கோடு இருந்தாலே கம்பெனி மாட்டிக்கொள்ளும் என்று நினைக்காதீர்கள். பிளேட் என்பது எலும்பு கூடும் வரை தாங்குகிற முட்டுதான். எலும்பு கூடத் தாமதமானால் எவ்வளவு நல்ல பிளேட்டும் ஒருநாள் ஒடியும். எதிர்த்தரப்பு அதைத்தான் பிடித்துக்கொண்டது. எலும்பு சேரவில்லை, சொன்னதற்கு முன்பே காலை ஊன்றினார், நாட்டு வைத்தியரிடம் எண்ணெய் போட்டு நீவினார் என்றார்கள். கடைசிக் குற்றச்சாட்டு உண்மை. ஒரே ஒரு தடவைதான் போனார். அதையும் அம்மாவே அடுத்த டாக்டரிடம் வெள்ளந்தியாகச் சொல்லி, கேஸ் ஷீட்டில் ஏறியிருந்தது.

உங்கள் அப்பாவின் மூட்டுக்கும் இதே சிக்கல் வரும். மூட்டு தளர்வதற்குக் கிருமித் தொற்று காரணமாக இருக்கலாம், பொருத்திய கோணம் காரணமாக இருக்கலாம், பொருளும் காரணமாக இருக்கலாம். எது என்று இரண்டாவது ஆபரேஷன் செய்யும் டாக்டர் தான் பார்த்ததைக் குறிப்பில் எழுதினால் அதற்குப் பெரிய மதிப்பு உண்டு. எழுதச் சொல்லிக் கேளுங்கள். மூட்டின் பந்தும் அது சுழலும் கிண்ணமும் இரண்டுமே உலோகம் என்றால், உரசி ரத்தத்தில் கலக்கும் கோபால்ட், குரோமியம் என்ற உலோகங்களின் அளவையும் பார்க்கச் சொல்லுங்கள்.

அந்த இரண்டு உலோகங்களால்தான் இந்தியாவின் பெரிய இடுப்பு மூட்டு விவகாரமே வந்தது. ஜான்சன் அண்ட் ஜான்சனின் டெப்யூ நிறுவனம் ஏ.எஸ்.ஆர். என்ற மூட்டை 2010 ஆகஸ்டில் உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றது. இந்தியாவில் சுமார் 4,700 பேருக்கு அது வைக்கப்பட்டிருந்தது. மத்திய அரசு குழு போட்டு, 2018ல் 30 லட்சத்திலிருந்து 1 கோடியே 23 லட்சம் வரை என்று நஷ்டஈட்டுக் கணக்கு வகுத்தது. 2019ல் டெல்லி உயர் நீதிமன்றத்தில், மறு அறுவை செய்துகொண்ட 67 பேருக்குத் தலா 25 லட்சம் தருவதாக நிறுவனம் ஒப்புக்கொண்டது. எல்லோரும் இந்தத் தொகையைக் காட்டித்தான் ஆசைப்படுகிறார்கள். அது திரும்பப் பெறப்பட்ட பொருள், கோளாறு உலகத்துக்கே தெரிந்த ஒன்று. அப்பாவுக்கு வைத்த மூட்டின் கம்பெனி, மாடல், லாட் எண் (எந்தத் தொகுப்பில் தயாரானது என்று காட்டும் எண்) தெரிந்தால் அதுவும் இப்படி ஏதாவது எச்சரிக்கையில் இருக்கிறதா என்று தேடலாம். இருந்தால் வழக்கின் கனமே வேறு.

அந்த எண் எங்கே இருக்கும்? மூட்டு வந்த பெட்டியில் ஸ்டிக்கர்கள் இருக்கும். தியேட்டரில் ஒன்றை உரித்துக் கேஸ் ஷீட்டில் ஒட்டுவார்கள். டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் வாங்காமல் முழுக் கேஸ் ஷீட் நகலையும் எழுதிக் கேளுங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டு மருத்துவ ஒழுங்கு விதி. அதே விதி 3 வருடம் வரைதான் ஆவணங்களை வைத்திருக்கச் சொல்கிறது. உங்களுக்கு அது ஏறக்குறைய முடிந்துவிட்டது, அதனால் தள்ளிப் போடாதீர்கள்.

எங்களுக்கு 40 நாள் கழித்துக் கிடைத்த கேஸ் ஷீட்டில் ஸ்டிக்கர் ஒட்டும் கட்டம் காலி. பில்லில் ‘இம்ப்ளாண்ட்’ என்று ஒரே வரி, பக்கத்தில் தொகை, கம்பெனி பெயர் இல்லை. வழக்கு அதோடு முடிந்தது என்று நினைத்தேன். ராமநாதபுரத்தில் எங்கள் வக்கீல் அதைப் பார்த்துச் சிரித்தார். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பொருள் பொறுப்பு என்று ஒரு அத்தியாயமே இருக்கிறது. தயாரித்தவர் யார் என்று தெரியாவிட்டால் விற்றவர் பொறுப்பு என்கிறது அது. பில் போட்டது ஆஸ்பத்திரி.

ஆணையம் அந்த வாதத்தை மறுக்கவில்லை. ஆனால் பொருளில் குறை இருந்தது என்பதை முதலில் நிரூபிக்க வேண்டுமே, அங்கே புளி குறுக்கே வந்து நின்றது. கடைசியில் சேவைக் குறைபாட்டுக்கு மட்டும் தீர்ப்பு. என்ன பொருளை உடம்பில் வைத்தோம் என்று பதிவே இல்லாமல் பணம் வாங்கியது தவறு என்று சொல்லி, பிளேட் விலை, மன உளைச்சல், வழக்குச் செலவு எல்லாம் சேர்த்து 2 லட்சத்து 10 ஆயிரம் கொடுத்தார்கள். கேட்டது 12 லட்சம். வருமான இழப்புக்கு ஒன்றும் இல்லை. பாசி எடுக்கிறவருக்குச் சம்பளச் சீட்டு ஏது? வியாபாரியின் நோட்டுப் புத்தகத்தைக் காட்டினோம், அதில் அம்மாவின் பட்டப்பெயர்தான் இருந்தது. உங்கள் அப்பா என்ன தொழில் செய்தாலும் ஏதாவது எழுத்து இப்போதே தேடி வையுங்கள்.

கம்பெனி பெயர் தெரிந்தால் கம்பெனி, ஆஸ்பத்திரி இரண்டையும் எதிர்மனுதாரராகச் சேர்ப்பது நல்லது. எச்சரிக்கைகளை டாக்டரிடம் முறையாகச் சொல்லிவிட்டோம் என்று தப்பிக்கக் கம்பெனிக்குச் சட்டத்தில் ஒரு வழி இருக்கிறது. இருவரும் எதிரெதிரே நின்றால் ஒருவரை ஒருவர் கை காட்டுவார்கள், உங்களுக்குத் தெரியாத விஷயங்கள் வெளியே வரும்.

மதுரைக்கு அலைய வேண்டாம். நீங்கள் குடியிருக்கும் மாவட்ட ஆணையத்திலேயே போடலாம். ஆஸ்பத்திரிக்குச் செலுத்திய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் வழக்குக் கட்டணமும் இல்லை, நஷ்டஈடு எவ்வளவு கேட்டாலும் சரி. கால வரம்பு 2 வருடம். அதைப் பழுது தெரிந்த நாளிலிருந்து எண்ண வேண்டும் என்று வாதிட, மூட்டு பழுது என்று டாக்டர் முதன்முதலில் எழுதிய தேதியைப் பத்திரமாக வையுங்கள். காப்பீட்டு அட்டையில் செய்ததால் உரிமை போய்விட்டது என்று சிலர் பயமுறுத்துவார்கள். காப்பீட்டு நிறுவனம் பணம் கட்டினாலும் அது கட்டணச் சேவைதான் என்று உச்ச நீதிமன்றம் 1995லேயே சொல்லிவிட்டது. எல்லோருக்கும் இலவசமாகப் பார்க்கும் அரசு ஆஸ்பத்திரி என்றால்தான் நுகர்வோர் ஆணையத்தில் கதவு மூடும். வக்கீலுக்குக் காசில்லை என்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், அல்லது 15100க்கு அழையுங்கள்.

ஆபரேஷன் தேதி குறித்துவிட்டார்களா? குறித்திருந்தால் நாளைக்கே ஒரு கடிதம் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். எடுக்கும் மூட்டின் எல்லாத் துண்டுகளும் வேண்டும், லேபில் கிருமி நீக்கி, உறையிலிட்டு, தேதியும் பெயரும் எழுதி சீல் வைத்துத் தர வேண்டும் என்று எழுதினால் போதும். வாங்கியதும் அப்படியே பீரோவில் வையுங்கள். உடைந்த துண்டுகள் இருந்தால் ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்காதீர்கள், அதிலும் முகம் தேயும். வீட்டில் பெரியவர்கள் யாராவது இருந்தால் சாவியை அவர்களிடம் கொடுக்க வேண்டாம்.