சோதனையும் பாவமும் – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் ஹட்டன் பக்கத்துத் தோட்டச் சபையொன்றைச் சேர்ந்தவள். என் தாய்மாமன் குடியை விட்டுச் சில வருடங்களாகின்றன. சென்ற மாத ஜெபக்கூட்டத்தில் அவர் எழுந்து, சம்பள நாளில் டவுனுக்குப் போகும்போது சாராயக்கடையைக் கடப்பதற்குள் இன்னமும் நா ஊறுகிறது, எனக்காக ஜெபியுங்கள் என்றார். அவர் குடிக்கவில்லை. ஆனாலும் அடுத்த ஞாயிறே வேதபாடம் வாசிக்கும் பொறுப்பிலிருந்து அவரை நிறுத்திவிட்டார்கள்; ஆசை இருக்கிறதென்றால் மனந்திரும்பவில்லை என்று அர்த்தமாம். 'மற்றவர்களைக் குற்றவாளிகளென்று தீர்க்காதிருங்கள்' என்ற வசனத்தைக் காட்டினேன். அப்படியானால் பாவத்தைப் பாவமென்று சொல்லவே கூடாதா என்று மூப்பர் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

*

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மாமா செய்தது பாவமல்ல. இதை முதலில் அவரிடம் சொல்லுங்கள். இயேசு 40 நாள் உபவாசத்துக்குப் பின் பசியோடிருக்கையில் சோதிக்கப்பட்டார் என்று மத்தேயு எழுதுகிறார். அந்தப் பசி மெய்யான பசி. அவர் எல்லாவிதத்திலும் நம்மைப்போல் சோதிக்கப்பட்டும் பாவமில்லாதவர் என்று எபிரெயர் நிருபம் சொல்லும்போது, சோதிக்கப்படுவதும் பாவஞ்செய்வதும் ஒன்றல்ல என்பது அதிலேயே அடங்கியிருக்கிறது. யாக்கோபும் இச்சை கர்ப்பந்தரித்தே பாவத்தைப் பிறப்பிக்கிறது என்கிறார். இழுக்கப்படுவதற்கும் பாவம் பிறப்பதற்கும் நடுவே மனம் இசையும் கணம் ஒன்று உண்டு. அந்தக் கணத்தில் உங்கள் மாமா இசையவில்லை. கடையைக் கடந்து போனார், பிறகு வந்து ஜெபம் கேட்டார்.

மூப்பரின் பக்கத்திலும் ஒரு பழைய வாதம் இருக்கிறது, அதை மறைப்பது நியாயமாகாது. ஞானஸ்நானத்துக்குப் பின்னும் மனிதனிடம் எஞ்சியிருக்கும் இச்சை பாவத்துக்குத் தூண்டுவதேயன்றி அதுவே பாவமன்று என்று 1546இல் கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து பொதுச்சங்கம் அறிவித்தது. அதற்கு முன் 1530இல் எழுதப்பட்ட லூத்தரன் சபையாரின் ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கையோ, பிறவியிலேயே நம்மோடு வரும் அந்தக் கோணலை மெய்யான பாவமென்றே சொல்கிறது. ஆங்கிலிக்கன் சபையின் 39 விதிகளில் ஒன்பதாவதும், இச்சைக்குப் பாவத்தின் தன்மை உண்டு என்கிறது. ஆனால் இவர்கள் பேசியது ஆதாமின் மக்கள் அனைவரையும் பற்றி. அந்தப் போதனையை ஏற்கிற மூப்பர், அதே இச்சை தம்மிடமும் வேதபாடம் வாசிக்கும் ஒவ்வொருவரிடமும் இருப்பதையும் ஏற்கத்தான் வேண்டும். ஒருவரை மட்டும் வரிசையிலிருந்து விலக்க அதில் இடமே இல்லை.

அவர் கேட்ட கேள்வி நல்ல கேள்வி. பாவத்தைப் பாவமென்று சொல்லலாம், சொல்லவும் வேண்டும். நீங்கள் காட்டிய வசனத்தைத் தொடர்ந்து படித்தால், முன்பு உன் கண்ணிலிருக்கிற உத்திரத்தை எடுத்துப்போடு, பின்பு சகோதரன் கண்ணிலிருக்கிற துரும்பை எடுத்துப்போட வகைபார்ப்பாய் என்றே இயேசு முடிக்கிறார். துரும்பை அப்படியே விட்டுவிடச் சொல்லவில்லை. அதை எடுப்பவன் யார், எப்படி எடுக்கிறான் என்பதையே கேட்கிறார். கலாத்தியர் 6ஆம் அதிகாரத்தில் பவுலும், குற்றத்தில் அகப்பட்டவனைச் சாந்தமுள்ள ஆவியோடே சீர்பொருந்தப்பண்ணச் சொல்லிவிட்டு, நீயும் சோதிக்கப்படாதபடிக்கு எச்சரிக்கையாயிரு என்று உடனே திருத்துகிறவன் பக்கம் திரும்புகிறார். தான் சோதனைக்கு அப்பாற்பட்டவன் என்று நினைப்பவன் இந்த வேலைக்குத் தகுதியற்றவன்.

எகிப்தின் ஸ்கேத்திஸ் பாலைவனத்தில் 4ஆம் நூற்றாண்டில் மோசே என்ற துறவி இருந்தார். முன்னாளில் கொள்ளைக்காரராக இருந்தவர் என்பார்கள். ஒரு சகோதரனின் குற்றத்தை விசாரிக்கக் கூடிய துறவிகள் அவரை அழைத்தபோது, ஒழுகும் குடத்தில் நீர் நிரப்பிச் சுமந்துகொண்டு போனாராம். என் பாவங்கள் எனக்குப் பின்னால் ஒழுகிக்கொண்டே வருகின்றன, நான் அவற்றைக் காணவில்லை, இன்றைக்கோ மற்றொருவனின் குற்றத்தைத் தீர்க்க வந்திருக்கிறேன் என்று அவர் சொன்னதும், அவர்கள் அந்தச் சகோதரனை மன்னித்து விட்டுவிட்டார்கள்.

என்னை அதிகம் வருத்துவது இனி நடக்கப்போவதுதான். ஒரு காம்பராவில் இருமினால் அடுத்த காம்பராவில் கேட்கிற லயத்து வாழ்க்கையில், ஒரு மனிதன் தானாக எழுந்து தன் பலவீனத்தைச் சொல்வது எத்தனை பெரிய காரியம்! குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிட்டு ஜெபம்பண்ணுங்கள் என்ற யாக்கோபின் சொல்லை நம்பி அவர் அதைச் செய்தார். அவருக்கு நேர்ந்ததைக் கண்ட இளைஞர்களில் யார் இனி அந்தக் கூட்டத்தில் எழுந்து நிற்பார்கள்? கசிப்பு என்ற கள்ளச்சாராயத்துக்கோ, கைத்தொலைபேசிச் சூதாட்டத்துக்கோ இழுக்கப்படுகிறவன், விழுந்து கடனாளியான பிறகுதான் சபைக்குத் தெரியவருவான். அடக்கி வைத்த சோதனைக்குத் துணைநிற்க ஒருவருமில்லை.

சோதனையோடுகூடத் தப்பிக்கொள்ளும்படியான போக்கையும் தேவன் உண்டாக்குவார் என்று கொரிந்தியருக்குப் பவுல் எழுதினார். உங்கள் மாமாவுக்கு அந்தப் போக்கு, அடுத்த சம்பள நாளில் அவரோடு டவுன்வரை நடக்கிற ஓர் ஆளாக இருக்கலாம். நீங்களோ அவர் பிள்ளைகளில் ஒருவரோ போகலாம். சபையிலிருந்து ஒருவர் வந்தால் இன்னும் நல்லது. அரிசியும் மாவும் முதலில் வாங்கிவிட்டு, மிச்சப் பணத்தை மாமியின் கையில் கொடுத்துவிட்டுத் திரும்புங்கள்.

மூப்பரிடமும் பேசுங்கள். ஆனால் கூட்டத்தில் எழுந்து வேண்டாம், தண்ணீர்ப் பீலியடியில் மற்றப் பெண்களிடம் சொல்லியும் வேண்டாம். நீயும் அவனும் தனித்திருக்கையில் உணர்த்து என்ற மத்தேயு 18ஆம் அதிகாரத்து ஒழுங்கு, உங்களுக்கும் அவருக்கும் இடையிலும் பொருந்தும். அதனாலேயே உங்கள் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் எடுத்துவிட்டு இக்கடிதத்தை வெளியிடுகிறேன். அவர் செவிகொடுத்தால், வேதபாடம் வாசிக்க மாமாவை அவரே மீண்டும் அழைக்கட்டும்.