வளரி திரும்பி வருமா?

அன்புள்ள ஐயா,

என் மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளி விழாவில் மருது சகோதரர்களைப் பற்றிப் பேசப் பெயர் கொடுத்திருந்தாள். வாட்ஸ்அப்பில் வந்த ஒரு பதிவை வைத்து நானே உரை தயாரித்துக் கொடுத்தேன். ‘வளரி என்ற எறியும் ஆயுதம் எதிரியின் தலையைக் கொய்துவிட்டு எறிந்தவர் கைக்கே திரும்பி வரும், ஆஸ்திரேலியப் பழங்குடிகளுக்கு பூமராங்கைக் கற்றுக்கொடுத்ததே தமிழன்தான்’ என்று அதில் இருந்தது. ஒத்திகையில் அறிவியல் டீச்சர், “தலையில் பட்டது எப்படிம்மா திரும்பி வரும்?” என்று கேட்டுவிட்டாராம். பிள்ளை அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தாள். யார் சொல்வது சரி? இன்றும் வளரி எறிகிறவர்கள் உண்டா? விலைக்குக் கிடைக்குமா?

வாசகர், பரமக்குடி

அன்புள்ள நண்பருக்கு,

டீச்சர் கேட்டதுதான் சரி. அந்தக் கேள்வியிலேயே முக்கால்வாசி பதில் இருக்கிறது. எறிந்தது எதன் மீதாவது பட்டுவிட்டால் அங்கேயே விழும், அல்லது தெறித்துப் போகும். குறி தவறினால்தான் அது திரும்பவே முடியும். போர்க்களத்தில் குறி தவறிய இரும்பு ஒன்று சுழன்றுகொண்டே நம் ஆட்கள் நிற்கும் பக்கம் வந்தால் யாருக்கு ஆபத்து? எந்தப் படைத்தலைவரும் அப்படி ஓர் ஆயுதத்தைக் கேட்டு வாங்க மாட்டார்.

திரும்பி வரும் பூமராங்கின் உடல்வாகே வேறு. நூறு கிராம் அளவுக்கு எடை, தட்டையான இரண்டு சிறகுகள், ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் தட்டை, மறு பக்கம் லேசான மேடு. கிட்டத்தட்ட செங்குத்தாகப் பிடித்து எறிவார்கள். சுழலும்போது மேலே இருக்கும் சிறகு எறிந்த திசையிலேயே போவதால் காற்றை வேகமாக வெட்டுகிறது. கீழே இருப்பது எதிர்த்திசையில் சுழல்வதால் வேகம் குறைவு. மேல் சிறகைக் காற்று தள்ளும் விசை அதிகம், கீழே குறைவு. சுழலாத பொருளாக இருந்தால் இதில் குப்புறக் கவிழ்ந்துவிடும். சுழல்வதால் கவிழாமல் பாதை வளைந்து, வட்டமடித்து வருகிறது. இவ்வளவும் நடக்க அது இலேசாக இருந்தாக வேண்டும். முயலை அடித்துப் போடும் கனம் அதில் இருக்காது. ஆஸ்திரேலியாவிலேயே வேட்டைக்கும் சண்டைக்கும் எறிந்தவை பெரும்பாலும் திரும்பாத, கனமான தடிகள்தான்.

வளைதடி என்றும் சொல்லப்படும் வளரி இதற்கு நேர் எதிர். சென்னை அருங்காட்சியகத்தில் இருந்த எட்கர் தர்ஸ்டன் 1909இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள், குடிகள் பற்றிய நூலில் புதுக்கோட்டை திவான் எழுதி அனுப்பிய குறிப்பு ஒன்று இருக்கிறது. பிறை வடிவம், கெட்டி மரம், சில சமயம் இரும்பு. ஒரு முனை மற்றதைவிடக் கனம். வெளி விளிம்பு கூர். இலேசான முனையைப் பிடித்து, தோளுக்கு மேல் சில சுற்று சுழற்றி, விசையோடு எறிய வேண்டும். கைக்குத் திரும்பி வந்ததாக அதில் ஒரு வார்த்தை இல்லை. ஒரு பக்கம் மட்டும் கனமாக இருப்பது அடியின் பலத்துக்காக.

ஒன்று சொல்கிறேன், பெருமாள் கோயில்காரர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. மார்கழியில் ‘கன்று குணிலா எறிந்தாய் கழல் போற்றி’ என்று பாடுகிறோமே, குணில் என்பது எறிதடி. கன்றாக வந்த அசுரனையே தடியாக்கி விளாமரத்தின் மேல் வீசினான் கண்ணன். கன்று அவன் கைக்குத் திரும்பியதாக ஆண்டாளும் சொல்லவில்லை.

உங்கள் மகளின் உரைக்கு வாட்ஸ்அப்பைவிட நல்ல சாட்சி ஒருவர் இருக்கிறார். கம்பெனிப் படையில் இருந்த கர்னல் ஜேம்ஸ் வெல்ஷ். தன் நாற்பதாண்டுப் பணி நினைவுகளை 1830இல் லண்டனில் அச்சிட்டார். 1795இல், இளம் அதிகாரியாக மதுரையில் இருந்தபோது, சின்ன மருதுவோடு பழக்கம் ஏற்படுகிறது. பெரிய மருது வேட்டைப் பிரியர், நாட்டை நடத்தியது சின்னவர் என்கிறார். சிறுவயலில் அவர் வீட்டு வாசலில் காவலாள் ஒருவர்கூட இல்லை, யாரும் உள்ளே போகலாம், வரலாம் என்று வியக்கிறார். ஈட்டி எறியவும் வளரி வீசவும் தனக்கு முதன்முதலில் கற்றுக்கொடுத்தவர் சின்ன மருதுதான் என்றும் எழுதுகிறார். ‘கள்ளர் தடி’ என்பது அவர் வைத்திருக்கும் பெயர். தேர்ந்த கை எறிந்தால் நூறு கஜத்துக்குள் எந்தத் தூரத்திலும் குறி தப்பாது என்பது அவர் கணக்கு. நூறு கஜம் என்றால் ஏறக்குறைய 91 மீட்டர். விருந்தாளியின் மிகை கொஞ்சம் கலந்திருக்கலாம். பாதியைத் தள்ளினாலும் மிச்சம் பெரிய வித்தைதான்.

ஆறு ஆண்டு கழித்து அதே மனிதரை வேட்டையாடிய படையில் வெல்ஷும் இருந்தார். 1801 அக்டோபர் தொடக்கத்தில் காளையார்கோவில் விழுந்தது. சின்ன மருது தொடையெலும்பு முறிந்து பிடிபட்டார். அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் அண்ணன் தம்பி இருவரையும் தூக்கிலிட்டார்கள். தனக்கு ஆயுதம் பழக்கியவரைக் காட்டு மிருகம்போல விரட்டியதையும், பின்பு தூக்கில் கண்டதையும் வெல்ஷ் மறைக்காமல் எழுதியிருக்கிறார். அதற்காக அவர் வேலையை விட்டுவிடவில்லை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். எனக்கு அந்தப் பக்கங்களில் வருத்தமும் எரிச்சலும் சம அளவில் வருகின்றன.

அந்த டிசம்பரிலேயே கவர்னர் எட்வர்ட் கிளைவின் பிரகடனம் வந்தது. பாளையங்களின் கோட்டைகளும் ஆயுதங்களும் ஒழிக்கப்பட வேண்டும் என்பது அதன் சாரம். துப்பாக்கி முன்னாலேயே வந்துவிட்டது; ஆயுதம் ஏந்தும் உரிமையும் போனது. நூறு ஆண்டு கழித்து அந்தப் புதுக்கோட்டை திவான் எழுதும்போது, வளரி எறிவதில் தேர்ந்தவர் தம் சமஸ்தானத்தில் எவரும் இல்லை, எப்போதாவது முயலுக்கும் காட்டுக்கோழிக்கும் வீசுகிறார்கள், அவ்வளவுதான் என்கிறார். கள்ளர், மறவர் வீடுகளில் அது பூஜையறைக்குப் போய்விட்டது; ஆயுத பூஜைக்கு எடுத்துத் துடைத்து மறுபடி வைப்பார்கள். கள்ளர் திருமணங்களில் இரு வீட்டாரும் வளைதடி மாற்றிக்கொண்ட வழக்கத்தையும் தர்ஸ்டன் பதிவு செய்திருக்கிறார். வளைதடியை அனுப்பிப் பெண்ணைக் கொண்டுவரச் சொல்லும் ஒரு சொலவடைகூட இருந்திருக்கிறது. அதைப் பற்றி உங்கள் ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள், எனக்கும் எழுதுங்கள்.

ஆஸ்திரேலியா விஷயம். தென் ஆஸ்திரேலியாவில் வைரி சதுப்பு நிலத்தில் 1973இல் தோண்டி எடுத்த மரத் தடிகள் ஏறக்குறைய 10,000 ஆண்டு பழையவை. போலந்தில் ஒரு குகையில் கிடைத்த, மாமத யானைத் தந்தத்தில் செதுக்கிய எறிதடி 20,000 ஆண்டுக்கும் முந்தியது. எகிப்தில் 1922இல் திறந்த துத்தன்காமன் மன்னனின் கல்லறையில் எறிதடிகள் கட்டுக்கட்டாக இருந்தன. பறவையையும் முயலையும் அடிக்க வளைந்த கொம்பை வீசும் யோசனை பல ஊர்களில் தனித்தனியாகப் பிறந்திருக்கிறது.

‘தமிழன் போய்க் கற்றுக்கொடுத்தான்’ என்ற கதைக்கு மூலம் எங்கே என்று பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேய உயிரியலாளர் தாமஸ் ஹக்ஸ்லி, தக்காணத்துப் பழங்குடிகளையும் ஆஸ்திரேலியப் பழங்குடிகளையும் ஒரே இனப்பிரிவில் அடைத்தார். அதே காலத்தில் பிட் ரிவர்ஸ் என்ற தளபதி, ஆஸ்திரேலியா, தென்னிந்தியா, எகிப்து மூன்றின் வளைதடிகளையும் ஒரே குடும்பமாக வரிசைப்படுத்தினார். இரண்டு பேர் பார்வையிலும் நாம் மனித இனங்களின் படிநிலையில் கீழே இருந்தவர்கள். அந்தப் பழைய இனவாதத்தின் தலைகீழ்ப் பிரதியைத்தான் இன்று பெருமை என்று ஃபார்வர்டு செய்துகொண்டிருக்கிறோம். உரையில் அந்த வரியை எடுத்துவிட்டு வெல்ஷ் சொன்னதைச் சேர்க்கச் சொல்லுங்கள். எதிரியே எழுதிவைத்த சாட்சி, டீச்சராலும் மறுக்க முடியாது.

கடைசிக் கேள்வி. சிலம்பம் கற்றுத்தரும் ஆசான்கள் சிலர் இப்போது வளரியும் எறியக் கற்றுத்தருகிறார்கள். வாங்கும் முன் கையில் வைத்துப் பாருங்கள். பிளைவுட்டில் இழைத்து, காகிதம்போல இலேசாக, இரண்டு சிறகும் ஒரே எடையில் இருந்தால் அது விளையாட்டு பூமராங். நல்ல பொருள்தான், ஆனால் வளரி இல்லை. பழகுவது ஆசான் முன்னிலையில், ஆள் நடமாட்டம் இல்லாத பொட்டலில் இருக்கட்டும். கூர் தீட்டாத மரத் தடி போதும். முயல் மேல் எறிந்து பார்க்கலாமே என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி அது குற்றம்.