பழைய நாயகன், புதிய வாசகர்: காமிக்ஸ் கேள்வி பதில்

கேள்வி: சார், நான் ஓவியம் படிக்கும் மாணவன். எண்பது வருடப் பழைய சூப்பர் ஹீரோ ஒருவரை இன்றைய பிள்ளைகள் விரும்பிப் படிக்கும்படி திரும்பக் கொண்டுவர வேண்டுமென்றால் எங்கே தொடங்குவது? பழைய கதைகளையெல்லாம் தூக்கிப் போட்டுவிடலாமா?

தூக்கிப் போட வேண்டாம் தம்பி. அதற்காக அவற்றைப் புதிய வாசகரின் தலையில் ஏற்றிவிடவும் வேண்டாம். இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது. அதை அமெரிக்காவின் டிசி காமிக்ஸ் நிறுவனத்து எடிட்டர் ஜூலியஸ் ஷ்வார்ட்ஸ் 1956-லேயே காட்டிவிட்டார்.

மின்னல் வேகத்தில் ஓடும் நாயகன் ஃப்ளாஷ். முதல் ஃப்ளாஷ் 1940-ல் வந்தவர். பெயர் ஜே கேரிக், உருவாக்கிய எழுத்தாளர் கார்ட்னர் ஃபாக்ஸ். போர் முடிந்ததும் சூப்பர் ஹீரோக்களுக்கு மவுசு குறைந்தது, 1949-ல் அவர் இதழும் நின்றுபோனது. ஏழு வருடம் கழித்து, ‘ஷோகேஸ்’ 4-ஆம் இதழில் ராபர்ட் கனிகர் எழுத, கார்மைன் இன்ஃபான்டினோ வரைய, புது ஃப்ளாஷ் ஓடி வந்தார். ஆள் வேறு, உடை வேறு, காவல்துறை ஆய்வுக்கூடத்தில் வேலை. பழையதில் மிஞ்சியவை பெயரும் வேகமும் மட்டுமே. ஆனால் அந்தக் கதையின் தொடக்கத்தில் நாயகன் பாரி ஆலன் உட்கார்ந்து என்ன படித்துக்கொண்டிருக்கிறார் தெரியுமா? பழைய ஃப்ளாஷ் காமிக்ஸை!

நான் எத்தனையோ முறை திரும்பிப் பார்த்த இடம் அது. முன்பே ஒரு ஃப்ளாஷ் இருந்தார் என்று புதிய வாசகருக்குச் சொல்லியாகிவிட்டது, பழைய வாசகருக்கு ஒரு வணக்கமும் வைத்தாகிவிட்டது. யாரும் எதையும் தேடிப் படித்துவிட்டு வர வேண்டியதில்லை. 1961-ல் ‘ஃப்ளாஷ்’ 123-ஆம் இதழில் இருவரும் நேரிலேயே சந்தித்தார்கள். எழுதியவர் அதே கார்ட்னர் ஃபாக்ஸ்.

சரி, எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது? இங்கேதான் கேப்டன் அமெரிக்காவைப் பார்க்கச் சொல்வேன். ஜோ சைமனும் ஜாக் கிர்பியும் 1941-ல் உருவாக்கிய நாயகன். போருக்குப் பின் அவரும் மங்கிப்போனார். 1953, 54-ல் ஒருமுறை உயிர் கொடுத்துப் பார்த்தார்கள். நாஜிகளுக்குப் பதில் கம்யூனிஸ்டுகளை எதிரியாக்கினார்கள், அவ்வளவுதான். 1954-ல் அவர் பெயரில் மூன்று இதழ்கள் வந்தன, பிறகு நிறுத்திவிட்டார்கள். எதிரிதான் மாறினான், நாயகனின் மனசுக்குள் புதிதாக எதுவும் நடக்கவில்லை என்பதுதான் காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பத்து வருடம் கழித்து, 1964-ல் ‘அவெஞ்சர்ஸ்’ 4-ஆம் இதழில் ஸ்டான் லீயும் அதே கிர்பியும் செய்தது வேறு. போரின் கடைசி நாட்களில் விழுந்தவர் இவ்வளவு காலமும் பனிக்கட்டிக்குள் உறைந்து கிடந்தார் என்றார்கள். கூட இருந்த சிறுவன் பக்கி இறந்துவிட்டான். அவருக்குத் தெரிந்த உலகமும் போய்விட்டது. வாசகர்கள் அவரை மறந்திருந்த காலத்தை மூடி மறைக்காமல், அதையே அவருடைய துயரமாக்கிவிட்டார்கள். அதோடு இன்னொரு நன்மை: 1964-ன் உலகம் அவருக்கும் புதிது. அவரைப் புதிதாகப் பார்க்கும் பையன் அவர் கையைப் பிடித்துக்கொண்டே கதைக்குள் போகலாம்.

அந்தக் கதையின் மறுபதிப்பை என் அக்கா மகளிடம் கொடுத்தேன். சண்டைகளைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை. “மாமா, பக்கி நிஜமாவே செத்துட்டானா?” என்றாள். 2005-ல் எழுத்தாளர் எட் புரூபேக்கரும் ஓவியர் ஸ்டீவ் எப்டிங்கும் கேப்டன் அமெரிக்கா தொடரை மறுபடி எழுப்பியது இதே கேள்வியை வைத்துத்தான். பக்கி சாகவில்லை, சோவியத் கையாளாக மாற்றப்பட்டுவிட்டான் என்று கதை போனது. ஆகவே, உங்கள் நாயகனுடைய சக்திகளை ஒருபக்கம் ஒதுக்கிவிட்டு, அவருக்கு ஆறாமல் இருக்கும் காயம் எது என்று பாருங்கள். அது கிடைத்த பிறகு பென்சிலை எடுங்கள்.

கேள்வி: மறுபடி மறுபடி ‘முதல் இதழ்’ என்று எண்ணை மாற்றி வெளியிடுகிறார்களே, அதனால் புதிய வாசகர் வருவார்களா?

வாங்க வருவார்கள். தங்குவார்களா என்பதை அந்த எண் தீர்மானிப்பதில்லை. 2011-ல் டிசி ஒரே மாதத்தில் 52 தொடர்களை முதல் இதழிலிருந்து தொடங்கியது. ஆனால் பேட்மேன், கிரீன் லான்டர்ன் ஆகியோரின் பழைய கதைகளைப் பெரும்பாலும் அப்படியே வைத்துக்கொண்டு, மற்ற பலரைப் புதிதாக ஆரம்பித்தார்கள். எது நடந்தது, எது நடக்கவில்லை என்று பழைய வாசகரே குழம்பிப்போனார். 2016-ல், கைவிட்டவற்றில் பலவற்றைத் திரும்பக் கொண்டுவர வேண்டியதாயிற்று.

இதற்கு நேர்மாறாக, 2005-ல் கிராண்ட் மாரிசனும் ஃபிராங்க் குவைட்லியும் தொடங்கிய ‘ஆல் ஸ்டார் சூப்பர்மேன்’ தொடரின் முதல் பக்கத்தைப் பாருங்கள். அழியும் கிரகம், தவிக்கும் பெற்றோர், பறக்கும் விண்கலம், குனிந்து பார்க்கும் அன்பான தம்பதி. நான்கே கட்டங்கள், கட்டத்துக்கு இரண்டே சொற்கள். பிறப்புக் கதை முடிந்தது. பக்கத்தைத் திருப்பினால் சூரியன்! வாசலை இவ்வளவு அகலமாகத் திறந்து வைத்தால் அட்டையில் என்ன எண் இருந்தாலும் ஆட்கள் உள்ளே வருவார்கள்.

கேள்வி: உடையை மாற்றலாமா?

தாராளமாக. ஆனால் தூரத்திலிருந்து நிழலாகப் பார்த்தாலும் ஆள் தெரிய வேண்டும். சூப்பர்மேனின் சிவப்பு ஜட்டியை 2011-ல் எடுத்தார்கள், 2018-ல் ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ ஆயிரமாவது இதழில் திரும்ப மாட்டிவிட்டார்கள். எனக்கு அது இருப்பதுதான் பிடிக்கும்.

கேள்வி: ஸ்பைடர்மேன் என்றால் எனக்கு பீட்டர் பார்க்கர்தான் ஐயா. அந்த இடத்தில் வேறு பையனைக் கொண்டுவந்தது வாசகருக்குச் செய்த துரோகமில்லையா?

உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. நம்மோடு வளர்ந்தவன் அல்லவா பீட்டர்! ஆனால் 2011-ல் ‘அல்டிமேட்’ என்ற தனி உலகத்தில் இறந்தது அந்த உலகத்துப் பீட்டர்தான். முதன்மைத் தொடரில் உங்கள் பீட்டர் தொடர்ந்து வந்தான். பிரையன் மைக்கேல் பெண்டிஸும் சாரா பிச்செல்லியும் கொண்டுவந்த மைல்ஸ் மொராலஸுக்கு என்ன நேர்கிறது என்று கொஞ்சம் பாருங்கள். சக்தி வந்தும் பயந்து ஒதுங்கியே இருக்கிறான். பீட்டர் இறந்ததும், முன்பே துணிந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாமே என்று நொந்துபோகிறான். தன்னை வளர்த்த பெரியப்பா பென் இறந்தபோது பீட்டர் பட்ட வேதனையும் இதேதான். நாயகன் பழுப்பு நிறப் பையனாக, வேறு குடும்பத்துப் பிள்ளையாக இருக்கிறான், ஆனால் ஸ்பைடர்மேனை ஸ்பைடர்மேனாக்கிய குற்றவுணர்ச்சி ஒரு துளி குறையாமல் அவனிடம் இருக்கிறது. இதைத் துரோகம் என்று என்னால் சொல்ல முடியவில்லை ஐயா. ஒருமுறை படித்துவிட்டு எழுதுங்கள்.

கேள்வி: இப்படித் திரும்பி வந்தவர்களில் உங்களுக்கு ரொம்பப் பிடித்தவர்?

ஸ்வாம்ப் திங். லென் வைனும் பெர்னி ரைட்சனும் 1971-ல் படைத்த சதுப்பு நிலத்து உருவம். தொடர் தள்ளாடிக்கொண்டிருந்த நேரத்தில், அப்போது எடிட்டராக இருந்த லென் வைனே அதை எழுத்தாளர் ஆலன் மூரிடம் ஒப்படைத்தார். மூர் 20-ஆம் இதழில் மிச்சமிருந்த பழைய இழைகளை முடித்துவிட்டு, 1984-ல் வந்த 21-ஆம் இதழில் அந்த உருவம் உண்மையில் என்ன என்பதையே புரட்டிப் போட்டார். அதுவரை வந்த கதையில் ஒரு வரியைக்கூட அவர் அழிக்கவில்லை, அதன் அர்த்தத்தைத்தான் மாற்றினார். என்ன மாற்றம் என்று இங்கே சொல்ல மாட்டேன். பழையது எதுவும் தெரியாமல் 21-லிருந்தே நீங்கள் படிக்கத் தொடங்கலாம்.