பத்துப் பக்கம் தாண்டவில்லையா? ஒன்பது வரியில் தொடங்குங்கள்

தம்பி, பாலக்கோட்டிலிருந்து ஓசூருக்கு ஷிப்ட் வேலைக்குப் போகிறீர்கள். ‘வாழ்க்கையை மாற்றும்’ என்று வாங்கிய மூன்று புத்தகமும் பத்துப் பக்கத்தோடு நின்றுவிட்டன, வேறு எதைப் படிக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் அந்த மூன்றையும் யாருக்காவது கொடுத்துவிடுங்கள். நைட் ஷிப்ட் முடித்த மண்டைக்குள் அறிவுரை ஏறாது.

நான் சொல்வது புறநானூறு. பயப்பட வேண்டாம், மொத்தமும் இல்லை. 87 முதல் 95 வரை, உரையோடு. நம்ம தகடூர், அதாவது இன்றைய தருமபுரியை ஆண்ட அதியமானை அவ்வையார் பாடியவை.

95ஐ முதலில் எடுங்கள். அதியமானுக்காகத் தூது வந்த அவ்வையாரிடம், பகை மன்னன் தொண்டைமான் தன் ஆயுதசாலையைக் காட்டுகிறான். அவர் புகழ்வது போலவே சொல்கிறார்: இந்த வேல்கள் மயிற்பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசிக் காவலுள்ள மாளிகையில் இருக்கின்றன. எங்கள் தலைவனுடையவையோ பகைவரைக் குத்தி நுனி சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன. அந்தத் தலைவன் எப்படிப்பட்டவன்? இருந்தால் கொடுப்பான், இல்லாவிட்டால் இருப்பதைச் சேர்ந்து உண்பான். அவ்வளவுதான், ஒன்பதே வரி.

இதைப் படித்தபோது எனக்கு 23 வயது. கிரீஸ் கறைச் சட்டையோடு பஸ் ஏறக் கூசிக்கொண்டிருந்தேன். அப்புறம் அந்தக் கறையை மறைக்கத் தோன்றவில்லை.

ராயக்கோட்டை வருவதற்குள் ஒரு பாட்டு முடிந்துவிடும். தமிழ் இணையக் கல்விக்கழகத் தளத்தில் உரையோடு இலவசமாகவே கிடைக்கிறது. உரையை முதலில் படியுங்கள், மூலம் அப்புறம். தமிழாசிரியர்கள் திட்டுவார்கள், பரவாயில்லை.